பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் என் நாத்தனார்

என் நாத்தனாரை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப்போக எங்காவது நான் அவளைப் பாராட்டுவது போலத் தெரிந்தால், அது கை தவறி விழுந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை பார்க்கிறாள். டாக்டர் எழுதிக் கொடுத்த அளவுக்கு லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமுக்குள் உட்கார வைக்கிற வேலை. நாள் முழுக்க ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் குறை தேடுகிறவள், வீட்டுக்கு வந்தால் மட்டும் இரண்டு கண்ணையும் திறந்து நல்லதைப் பார்ப்பாளா? நான் மடித்து வைத்த துண்டு கோணல். சுவர்க் கடிகாரம் சாய்வு. குளியலறைக் குழாய் சொட்டுவது எனக்கு மட்டும் கேட்பதில்லையாம். தெருவில் அவளுக்குப் பெயரே பூதக்கண்ணாடி. அந்தப் பெயரை வைத்தது யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கல்யாணம் ஆகவில்லை. அப்படிச் சொன்னால் "செஞ்சுக்கல" என்று திருத்துவாள். சம்பந்தம் பேச வந்த ஒருவரிடம், அவர் வந்த ரயிலை இழுத்த எஞ்சின் என்ன வகை என்று கேட்டாள். அவர் பாவம், "சிவப்பு" என்றார். பேச்சு அதோடு முறிந்தது.

ரயில்தான் அவளுடைய பைத்தியம். ரயிலில் போவதைச் சொல்லவில்லை, அதை எல்லோரும்தான் செய்கிறோம். ரயிலைப் பற்றிப் படிப்பதற்கென்றே ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது, அந்தக் கூட்டத்துக்கென்று பத்திரிகைகளும் இருக்கின்றன. எங்கள் வீட்டுக்கு மாதாமாதம் இரண்டு வரும். அட்டை நிறத்தை வைத்து ஒன்றைப் பச்சை என்போம், இன்னொன்றை மஞ்சள் என்போம். எங்களுடையது மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. ஒரு அறை எங்களுக்கு. மற்றது அவளுக்கும் பச்சைக்கும் மஞ்சளுக்கும். துணி தைத்துக் கொடுத்து வீட்டுக்கு நாலு காசு சேர்க்கிற என் தையல் மெஷினுக்கு நடையில்தான் இடம். போகிறவர் வருகிறவர் எல்லோரும் அதில் முட்டியை இடித்துக்கொண்டு என்னை முறைப்பார்கள்.

இரண்டும் வந்து சேருகிற அன்று சாப்பாட்டு மேஜை அவளுடையது. தட்டு வைக்கக் கூடாது. டம்ளர் வைத்தால் கொலை விழும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, கடையிலிருந்து கொண்டுவந்த தடித்த லென்ஸைக் கையில் எடுப்பாள். முதலில் படம் பார்ப்பாள் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போவாள். அங்கே, அச்சகத்தின் முகவரிக்கு மேலே, சின்ன எழுத்தில் 'திருத்தம்' என்று ஒரு பெட்டி இருக்கும். போன இதழில் நாங்கள் இன்ன இடத்தில் இன்ன தவறு செய்தோம், வருந்துகிறோம். அவ்வளவுதான் அதில் இருக்கும்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன். "அட்டையில இவ்வளவு அழகா எஞ்சின் நிக்குது. அதை விட்டுட்டு இந்த எறும்பு எழுத்தை ஏன் படிக்கிற?"

"தப்பு விடாத பத்திரிகை கிடையாது அண்ணி. ஒத்துக்கிற பத்திரிகை எதுன்னுதான் பார்க்கணும். பச்சை ஒத்துக்குது. மஞ்சள் இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட ஒத்துக்கிட்டது இல்ல."

"தப்பே விட்டிருக்காதோ என்னமோ."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் என் மெஷினில் ஊசி உடைந்திருக்கும்.

இனி என் வீட்டுக்காரரைப் பற்றி. அவளுக்கு அவர் ஒரே அண்ணன். பஸ் டிரைவர். அவர் ஓட்டும் பாதையில் ஒரு ரயில்வே கேட் குறுக்கே வருகிறது. கேட் மூடினால் ஸ்டியரிங்கைக் குத்துவார். பின்னால் உட்கார்ந்திருக்கிற பயணிகள் அவரைத் திட்டுவார்கள், அவர் ரயிலைத் திட்டுவார், வீட்டுக்கு வந்து அதே வாயால் என்னையும் ஒரு சுற்றுத் திட்டுவார். ரயில் என்ற வார்த்தையே அவருக்கு ஆகாது. அப்படிப்பட்ட அண்ணனுக்கு அப்படிப்பட்ட தங்கை.

மூன்று வருடத்துக்கு முன் அவள் தன் கூட்டத்தோடு ஏதோ ஒரு பழைய பாலத்தைப் பார்க்கப் போயிருந்தாள். இவர் பரணிலிருந்து எதையோ எடுக்கப் போக, அவள் அடுக்கி வைத்திருந்த பழைய இதழ் மூட்டை சரிந்து இவர் தலையிலேயே விழுந்தது. மூக்கு நுனியில் கோபம் வைத்திருக்கிற மனிதர். கீழே தெருவில் பழைய பேப்பர்காரர் கூவிக்கொண்டு போனார். ஜன்னல் வழியாகவே கூப்பிட்டு, மொத்தத்தையும் எடைக்குப் போட்டுவிட்டார். அவள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து சேர்த்தவை. நான் துணி கொடுக்கப் போய்த் திரும்பியபோது பரண் துடைத்து வைத்தது போல இருந்தது, இவர் தலையில் ஈரத்துணியோடு வெற்றி வீரராக உட்கார்ந்திருந்தார்.

அவள் வந்தாள். பரணைப் பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை. சட்டியைத் தூக்கி எறிந்திருந்தால்கூட உடைந்ததை நான் பொறுக்கி எடுத்திருப்பேன். அவள் ஒன்றும் சொல்லாமல் முகம் கழுவிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள். மறுநாள் காலை என்னிடம் சொன்னாள்: "அண்ணி, குளியலறை காலியாயிடுச்சுன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க."

உங்க வீட்டுக்காரர்! கூடப் பிறந்த அண்ணன், எனக்கு வீட்டுக்காரர் ஆவதற்கு எத்தனையோ வருடம் முன்னாலேயே அவளுக்கு அண்ணன்.

அன்றிலிருந்து நான்தான் தபால்காரி. ஒரே மேஜையில் எதிரெதிராக உட்கார்ந்துகொண்டு, "தண்ணிச் செம்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்க அண்ணி" என்பாள் அவள். "கை இல்லையான்னு கேளு" என்பார் இவர். நான் செம்பைத் தள்ளுவேன், கேள்வியை விழுங்குவேன். இவருக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டேதான் இருந்தது. மறுநாளே அந்தப் பேப்பர்காரரைத் தேடிப் போனார், மூட்டை அதற்குள் எங்கோ அரவைக்குப் போய்விட்டது. ஆனால் தப்பு என்று ஒரு வார்த்தை? அவருடைய பஸ்கூடப் பின்னால் போகும், அவர் போக மாட்டார்.

இந்த வருடத் தொடக்கத்தில் அவள் அறிவித்தாள். கண்ணாடிக் கடைக்கு மேலேயே ஒரு அறை பார்த்துவிட்டாளாம், அடுத்த மாதக் கடைசியில் போகிறாளாம். ஏன் அந்த அறை என்றால், ஒரு சுவர் முழுக்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மர அலமாரி. இந்த மூன்று வருடத்தில் மறுபடியும் சேர்ந்துவிட்ட பச்சையையும் மஞ்சளையும் யார் கையும் படாமல் அடுக்கி வைக்கலாம்.

எனக்கு மனசுக்குள் மத்தாப்பு. மெஷினை அவள் அறை ஜன்னலோரம் போடலாம், நடையில் மனிதர்கள் நடக்கலாம். இவரோ அன்று ராச் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

"போக வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"நீ சொல்லு."

"நான் எதுக்குச் சொல்லணும்? எனக்கு அறை வேணும்."

சில நாள் கழித்து அவர் ஒரு காரியம் செய்தார், அதை என்னிடம் மட்டும் சொன்னார். கேட்டில் பஸ்ஸை நிறுத்திக் காத்திருந்தபோது, அந்தக் கிளைப் பாதையில் ஓடும் சின்ன எஞ்சினைத் தன் இருக்கையில் இருந்தபடியே படம் எடுத்துப் பச்சைக்கு அனுப்பிவிட்டார். பச்சை அதை அட்டையிலேயே போட்டுவிட்டது. பெயர் வேண்டாம், ஒரு வாசகர் என்று போடுங்கள் என்று இவரே கேட்டுக்கொண்டாராம்.

"உங்க பேரைப் போட்டாத்தானே அவளுக்குத் தெரியும்?"

"பேரைப் பார்த்தா படத்தைப் பார்க்க மாட்டா. முதல்ல படம் பிடிக்கட்டும். அப்புறம் சொல்லிக்கலாம். அதுக்கப்புறமும் போவாளா என்ன?"

சிரித்துவிட்டேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

இதழ் வந்தது. அவள் லென்ஸோடு உட்கார்ந்தாள். இவர் கதவிடுக்கில் நின்று, தேர்வு முடிவு பார்க்கிற பையனைப் போல விரலைக் கடித்துக்கொண்டிருந்தார். அவள் அட்டையைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். லென்ஸைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பிறகு, சிரித்தாளா, உதட்டைப் பிதுக்கினாளா என்று எங்களுக்குத் தெரியாத ஒரு முகத்தோடு, பத்திரிகையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

"பிடிச்சிருச்சு," என்றார் இவர். நம்பிக்கைக்கு ஒரு அளவு வேண்டாமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய ரயில் ரசிகர் மன்றத்தின் வருடாந்திரக் கூட்டம். மன்றத் தலைவர் ஒரு பல் டாக்டர். அவருடைய கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் அறையில்தான் கூட்டம் நடக்கும், இதழ்களும் அங்கேதான் இருக்கும். இரண்டுக்கும் சந்தா கட்ட மன்றத்துக்கு வக்கில்லை. அதனால் வருடத்துக்கு ஒருமுறை இரண்டையும் ஒப்பிட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒப்பிட்டுப் பேசுவது என் நாத்தனார். அவள் சொன்னால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. டாக்டருக்கு மஞ்சள்தான் ஆசை. வழவழ காகிதம், பக்கம் நிறையப் பனிமூட்டமும் புகையும். பல்லைப் பிடுங்கக் காத்திருப்பவனுக்கு அது ஆறுதலாம்.

இவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, "நானும் வரேன்" என்றார். அவள் என்னைப் பார்த்து, "அங்க யாரும் பஸ் டிக்கெட் கேட்க மாட்டாங்கன்னு சொல்லுங்க" என்றாள். மூவரும் போனோம். இவர் கடைசி வரிசையில், வாயைப் பிளந்து பற்களைக் காட்டுகிற ஒரு படத்துக்குக் கீழே, முட்டிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அவள் எழுந்தாள். பேசத் தெரிந்தவள், அதை மறுக்க முடியாது.

"மஞ்சளைத் திறந்தா கண்ணு குளிரும். மூடினா ஒண்ணும் மிஞ்சாது. எல்லா எஞ்சினையும் 'இரும்பு ராட்சசன்'னு எழுதுறாங்க. அது எங்க ஓடுது, எதை இழுக்குதுன்னு ஒரு வரி கிடையாது. பச்சை காகிதம் மட்டம். தொட்டா கையில மை ஒட்டும். ஆனா மண்டையிலயும் கொஞ்சம் ஒட்டும். இத்தனை வருஷமா நான் பச்சையைத்தான் சொல்லிட்டு வந்தேன். இந்த வருஷம் சொல்லப் போறதில்ல."

அட்டையைத் தூக்கிப் பிடித்தாள்.

"இந்தப் படம் திருப்பி அச்சாயிருக்கு. கண்ணாடியில பார்க்கிற மாதிரி, இடம் வலமா. இது கிளைப் பாதை எஞ்சின். ரெண்டு முனையும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனா ஊதுகுழல் ஒரு பக்கம்தான். அந்தப் பாதையில ரெண்டு கோடியிலயும் எஞ்சினைத் திருப்ப வழி கிடையாது. அதனால இந்தப் படத்துல இருக்கிற மாதிரி கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்தா குழல் எப்பவும் வலது பக்கம்தான் தெரியும். இதுல இடது பக்கம் இருக்கு. நம்பர் பலகையில வெயில் பட்டு எழுத்து வெளுத்துப் போனதால தப்பிச்சுட்டாங்க, இல்லேன்னா எழுத்தும் திரும்பித் தெரிஞ்சிருக்கும். எடுத்த ஆளுக்கு முன்னும் தெரியாது பின்னும் தெரியாது. வேலை வெட்டி இல்லாத எவனோ கேமராவைத் தூக்கிட்டுத் திரியிறான், அதைப் போய் அட்டையில போட்டிருக்காங்க. இனிமே இதை எப்படி நம்புறது?"

டாக்டர் முகத்தில் அத்தனை பல்லும் தெரிந்தது. "அப்போ மஞ்சள்னு முடிவு பண்ணிடலாமா?"

நான் திரும்பி இவரைப் பார்த்தேன். காது இரண்டும் சிவந்து, கீழே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்காக நான் பரிதாபப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் காலையில் சிரித்திருப்பேன்.

"படம் திரும்பல," என்றார், தரையைப் பார்த்தபடியே.

எல்லோரும் திரும்பினார்கள்.

"எஞ்சின்தான் திரும்பியிருக்கு. ரிப்பேருக்குன்னு பெரிய பட்டறைக்கு இழுத்துட்டுப் போனாங்க. அங்க வட்டமா சுத்துற மேடை இருக்காமே, அதுல வெச்சுத் திருப்பிட்டாங்க போல. வந்ததுலேர்ந்து முகம் மாறித்தான் ஓடுது. நான் தினம் கேட்டுல நின்னு பாக்குறேன்."

"அண்ணி, பஸ் ஓட்டுறவங்களுக்கு இங்க என்ன வேலைன்னு கேளுங்க."

"கேட்க மாட்டேன்," என்றேன். "நேராவே கேளு. எனக்கு வாய் வலிக்குது."

பல் டாக்டர் ஆர்வமாக என் பக்கம் திரும்பினார். நான் முறைத்த முறைப்பில் மறுபடி நேராக உட்கார்ந்தார்.

அவள் நேராகவே கேட்டாள். மூன்று வருடத்தில் முதல் தடவை. "எவனோ எடுத்த படத்துக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குற?"

"எவனோ இல்ல. நான் எடுத்தது."

அவள் லென்ஸை எடுத்தாள். அட்டையின் மூலையில் கறுப்பாக ஒரு கோடு இருந்தது. அதை அவள் மரக்கிளை என்று நினைத்திருக்க வேண்டும். பஸ் கண்ணாடியைத் துடைக்கிற வைப்பர் அது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர் ஒருவர் முன் வரிசையில் இருந்தார், அவர் மெல்லத் தொண்டையைக் கனைத்தார். "ஆமாம்மா. நானும் போன வாரம் பார்த்தேன். முகம் மாறித்தான் வருது. உன்கிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு."

அதற்கப்புறம்தான் அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என் மூட்டையைத் தூக்கி எடைக்குப் போட்டவன் எனக்குப் படம் எடுக்கிறியா? யார் கேட்டா உன்னை?"

"நீ பார்ப்பேன்னுதான் எடுத்தேன்! மூணு வருஷமா என் மூஞ்சியைத்தான் பார்க்கல, படத்தையாவது பார்ப்பேன்னு."

"ஒரு வார்த்தை சொன்னியா நீ? ஒரே ஒரு வார்த்தை?"

"நீ கத்தினியா? கத்தியிருந்தா நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்ல! வாயை மூடிக்கிட்டு இவளைத் தூது விட்டா நான் என்னத்தைச் சொல்றது?"

உள் அறையிலிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். பல் பிடுங்குகிற இடத்தில் அவள் கேட்காத சத்தமா, ஆனாலும் கதவைச் சாத்திக்கொண்டாள். அண்ணனும் தங்கையும் மூச்சு வாங்க நின்றார்கள். டாக்டர், "வாக்கெடுப்பு..." என்று ஆரம்பித்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். சேலை முந்தானையைச் சரி செய்துகொண்டு, சபையைப் பார்த்து, பச்சையின் கடைசிப் பக்கத்தைப் படிக்கிற குரலில் சொன்னாள்.

"திருத்தம். அட்டைப் படம் திருப்பி அச்சிடப்பட்டுள்ளது என்று நான் கூறியது தவறு. படம் சரி. படம் எடுத்தவரைப் பற்றிக் கூறியதும் தவறு. வருந்துகிறேன்."

பிறகு கடைசி வரிசைக்குத் திரும்பினாள்.

"உன் திருத்தம் எங்க?"

இவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "எடைக்குப் போட்டது தப்புதான், ஆனா அது என் தலையில..."

"திருத்தத்துல ஆனா கிடையாது."

"பழசுதானேன்னு நினைச்சு..."

"நினைச்சதும் கிடையாது."

அத்தனை பற்களும் தெரிகிற அந்தப் படத்துக்குக் கீழே என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்தார், பிறகு எடுத்தார்.

"எடைக்குப் போட்டேன். தப்பு."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆத்திரத்தில்தான். இந்த மூன்று சொல்லுக்காகவா மூன்று வருடம் என் சாப்பாட்டு மேஜையைக் கோர்ட்டாக்கி வைத்திருந்தீர்கள், படுபாவிகளா?

மன்றத்துக்கு இந்த வருடமும் பச்சைதான். டாக்டர் யாருக்கும் காபி தரச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் இவர், "அப்போ போகலையே?" என்று கேட்டார். "ஏன் போகாம? சாவி வாங்கியாச்சு," என்றாள் அவள். நேராக, அவரிடமே. இவர் முகம் தொங்கிப் போனது. திருத்தம் போட்டதும் பழைய இதழ் தானாக மாறிவிடுமா என்ன? அச்சானது அச்சானதுதான். எனக்கே அது புரிந்தது, இவருக்குப் புரிய நாளாயிற்று.

மாதக் கடைசியில் அவள் கிளம்பினாள். இவர் லீவு போட்டுவிட்டு, பெட்டியையும் படுக்கையையும் மூன்று மாடி இறக்கினார். கடைசியாக அறைக்குள் போய், கட்டுக் கட்டாக அடுக்கியிருந்த பச்சையிலும் மஞ்சளிலும் முதல் கட்டைத் தூக்கினார்.

"அதை வை," என்றாள்.

"ஜாக்கிரதையாத்தான் தூக்குறேன்."

"வைன்னு சொல்றேன்ல. அதெல்லாம் இங்கயே இருக்கட்டும்."

"அங்க அவ்வளவு பெரிய அலமாரி இருக்கே!" என்றேன் நான். என் ஜன்னலோரம் என் கண் முன்னாலேயே கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினாள். "மாசாமாசம் புது இதழோட வருவேன். பழசை எடுத்து வெச்சுத்தான் ஒப்பிடணும். ஒண்ணு குறைஞ்சாலும் தோலை உரிச்சிடுவேன். அண்ணன் பொறுப்பு, அண்ணி."

உங்க வீட்டுக்காரர் இல்லை, அண்ணன். இவர் அந்தக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கீழே வைக்கவும் தெரியாமல் அங்கேயே நின்றார்.

போன வாரம் அந்தக் கண்ணாடிக் கடை மாடிக்குப் போய்ப் பார்த்தேன். சுவர் நீளத்துக்கு அலமாரி. அதில் ஒரு சீப்பும் ஒரு டம்ளரும். ஏன் இப்படி என்று கேட்க வாயெடுத்தேன், என் சேலை மடிப்பு கோணலாக இருக்கிறது என்றாள். எனக்கு அவளைப் பிடிக்காது.

என் மெஷின் இன்னும் நடையில்தான் இருக்கிறது, முட்டிகள் இன்னும் இடிபடுகின்றன. இவர் லீவு நாளில் அந்தக் கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தூசி தட்டி, அதே வரிசையில் திரும்ப அடுக்குகிறார். பழைய பேப்பர்காரரின் குரல் தெருமுனையில் கேட்டால் போதும், பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஜன்னலுக்கு ஓடுகிறார். "இங்க ஒண்ணும் இல்ல, போய்யா!" என்று மூன்றாம் மாடியிலிருந்து அவர் கத்துவது தெரு முழுக்கக் கேட்கிறது.